பெயோட்டிக் கள்ளியும் அயவாஸ்காக் கஷாயமும்

மாயக்காட்சி தரும் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் அறிவு மழுங்குமா? ஆய்வுக்கூடத்தில் இதற்கு விடை தேட வழியில்லை. ஒருவருக்குப் பதினைந்து ஆண்டுகள் அப்படிக் கொடுத்துப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது. ஆனால் அதை வழிபாடாகவே செய்துவரும் மக்கள் அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறார்கள். அவர்களில் இருவகைச் சமூகங்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பது தெளிகிறது.

பெயோட்டி என்பது தெற்கு டெக்சாஸிலும் மெக்சிகோவிலும் வளரும் முள்ளில்லாத சிறு கள்ளி. அதன் வீரியம் மெஸ்கலின் என்ற வேதிப்பொருளில் இருக்கிறது. இதைப் புனித மருந்தாகக் கொள்ளும் பூர்வகுடி அமெரிக்கத் திருச்சபை 1918-ல் ஓக்லஹோமாவில் பதிவானது. சடங்கு ஓர் இரவு முழுக்க நடக்கும். கூடாரத்தின் நடுவே நெருப்பு, அதன் முன்னே பிறை வடிவில் மண்மேடை, தண்ணீர் ஊற்றிய முரசு, சுரைக்காய்க் கிலுகிலுப்பை, விடியும்வரை பாட்டு. நவஹோ என்ற பூர்வகுடி மக்களிடம் இந்த வழிபாடு எளிதில் நிலைபெறவில்லை. அவர்களுடைய பழங்குடி மன்றமே 1940-ல் தடை போட்டு, 1967-ல்தான் விலக்கியது. அமெரிக்கா முழுவதற்குமான சட்டப் பாதுகாப்பு வந்தது 1994-ல்.

அயவாஸ்கா அமேசானின் கஷாயம். ஒரு கொடியும் ஒரு செடியின் இலையும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். இலையில் இருக்கும் டிஎம்டி என்ற மாயக்காட்சிப் பொருளைத் தனியாகக் குடித்தால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மைன் அந்த நொதியைத் தடுத்து வைக்கிறது. காட்டுக்குள் இருந்தவர்கள் எப்படித்தான் இந்த ஜோடியைக் கண்டுபிடித்தார்களோ! பூர்வகுடிகளிடமிருந்து இதைக் கற்ற ரப்பர் பால் தொழிலாளிகள் பிரேசிலில் புதிய சபைகளைத் தொடங்கினார்கள். இரினேயு செர்ரா 1930-ல் தொடங்கியது சான்டோ டைமே. ஜோசே கேப்ரியேல் டா கோஸ்டா 1961-ல் தொடங்கியது உனியாவ் டோ வெஜெட்டால். பொதுவாக மாதம் இருமுறை கூடிக் குடிக்கிறார்கள். பிரேசில் அரசு 1985-ல் தடை விதித்தது. குழு ஒன்றை அனுப்பிச் சபைகளைப் பார்வையிட்ட பின் 1987-ல் அதை நீக்கியது.

முதலில் பேசப்பட்டவை அயவாஸ்கா ஆய்வுகள். 1993-ல் பிரேசிலின் மனவுஸ் நகரில் சார்லஸ் குரோப் குழுவினர் உனியாவ் சபையின் நெடுங்கால உறுப்பினர்கள் 15 பேரையும், குடிக்காத 15 பேரையும் சோதித்தார்கள். சொற்களைக் கேட்டு நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் தேர்வில் சபையினர் முந்தினர். 2012-ல் ஜோசே கார்லோஸ் போசோ குழுவினரின் பெரிய ஆய்வு வெளிவந்தது. காட்டுக்குள் வாழும் சான்டோ டைமே உறுப்பினர்களும் பார்க்கின்யா என்ற இன்னோர் அயவாஸ்கா சபையின் நகரத்து உறுப்பினர்களுமாக 127 பேர், ஒப்பீட்டுக்கு 115 பேர், ஓராண்டுக்குப் பின் மறுசோதனை. மனநோய் அறிகுறிகள் சபையினரிடம் குறைவு. ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் எழுதிக் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் தேர்வு போன்றவற்றில் அவர்களுக்கே கூடுதல் மதிப்பெண்.

பெயோட்டி பற்றிய முக்கிய ஆய்வு 2005-ல் வந்தது. ஜான் ஹால்பெர்ன் குழுவினர் நவஹோ மக்களை மூன்று அணிகளாகப் பிரித்தார்கள்: வாழ்நாளில் குறைந்தது 100 முறை பெயோட்டி உட்கொண்ட திருச்சபையினர் 61 பேர், குடிக்கு அடிமையாக இருந்து பின்னர் விட்டவர்கள் 36 பேர், எதையும் பெரிதாகத் தொடாதவர்கள் 79 பேர். நினைவாற்றல், கவனம், விதி மாறும்போது சட்டென்று மாறிக்கொள்ளும் திறன் ஆகியவற்றில் திருச்சபையினருக்கும் எதையும் தொடாதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதிகம் உட்கொண்டவர் குறைவாக உட்கொண்டவரைவிடப் பின்தங்கவும் இல்லை. முன்னாள் குடிகாரர்களிடமோ சில தேர்வுகளில் குறை தெரிந்தது. மனநலக் கேள்விகளில் மட்டும் திருச்சபையினர் சற்று மேலே நின்றனர்.

பிரேசில் ஆய்வுகள் ‘மேம்பாடு’ என்கின்றன. நவஹோ ஆய்வு ‘பாதிப்பில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு நம்பகமாகத் தெரிவது இரண்டாவது. குறைவாகச் சொல்கிறது என்பதால் மட்டும் அல்ல. ஒப்பிடப்பட்ட மூன்று அணியினரும் ஒரே இனம், ஒரே மண், ஏறத்தாழ ஒரே வாழ்க்கை. அதைவிட முக்கியம், குடியால் கெட்டவர்களின் அணி. மூளையில் ஒரு பாதிப்பு இருந்தால் இந்தத் தேர்வுகளில் அது தெரியவரும் என்பதற்கு அந்த 36 பேரே சாட்சி. அவர்கள் இல்லாவிட்டால், ‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவைத் தேர்வின் கூர்மைக் குறைவு என்றே தள்ளிவிடலாம்.

குரோப் சோதித்த 15 பேரில் பலர், சபைக்கு வருமுன் குடியில் மூழ்கியிருந்து, வந்தபின் விட்டவர்கள். அவர்களுடைய நினைவாற்றலுக்குக் காரணம் கஷாயமா, சாராயத்தை விட்டதா? மாதம் இருமுறை முகம் பார்க்கும் கூட்டமும், தவறினால் விசாரிக்கும் ஆட்களும் ஒருவரை நிமிர்த்தப் போதாதா? சபையைப் பிரித்துவிட்டுத் தாவரத்தை மட்டும் அளக்க இந்த ஆய்வுகளால் இயலவில்லை. இன்னொரு ஓட்டை இரு நாட்டு ஆய்வுகளுக்கும் பொது: ஒத்துக்கொள்ளாமல் விலகிப்போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தவர்களைச் சோதித்தால் திடமானவர்கள்தானே கிடைப்பார்கள்?

மூளையைப் படமெடுத்தும் பார்த்தார்கள். அயவாஸ்கா குடிப்போர் 22 பேரையும் குடிக்காத 22 பேரையும் ஒப்பிட்ட 2015 ஆய்வில், குடிப்போரின் மூளைப் புறணி பின்புறப் பகுதியில் மெலிந்திருந்தது. அறிவுத் தேர்வுகளில் சரிவு இல்லை. மெலிவு குடித்ததால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை ஒருமுறை எடுத்த படம் சொல்லாது. உனியாவ் சபையின் பதின்பருவத்தினர் 40 பேரை அவர்களுடைய வயதொத்த 40 பேரோடு வைத்துச் சோதித்தபோதும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் வளரும் மூளை விஷயத்தில் நாற்பது பேரை வைத்து ஆறுதல் கொள்வது அவசரம் என்பேன்.

இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டித்தான் இன்று பல நாடுகளில் கட்டண முகாம்கள் ஆள் பிடிக்கின்றன. தன் முடிவுகளைச் சடங்குக்கு வெளியே போதைக்காக உட்கொள்வோருக்குப் பொருத்தக் கூடாது என்று ஹால்பெர்ன் குழு அப்போதே எழுதிவைத்தது. விமானமேறிப் போய் ஒரு வாரம் தங்கிக் குடித்துத் திரும்புபவர், மேலே சொன்ன எந்த அணியிலும் சேராதவர். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. கொடியிலுள்ள ஹார்மைன் அந்த வகை மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் உடலில் செரடோனின் என்ற வேதிப்பொருள் எல்லைமீறி ஏறி உயிருக்கே உலை வைக்கலாம். அப்படிப்பட்ட முகாமுக்கு உங்கள் வீட்டில் யாராவது பெயர் கொடுத்திருந்தால், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.