குடும்பு

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கினால் "நீங்க எந்த வார்டு?" என்று கேட்கிறோம். காவல் என்னும் பொருளிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொல் அது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உத்திரமேரூரில் அதற்கு வழங்கிய பெயர் குடும்பு. குடி, குடும்பம் என்பவற்றோடு உறவு தெரிகிற சொல். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது.

அவ்வூரின் குடவோலைத் தேர்தல் என்றதும் குடமும் ஓலை எடுக்கும் சிறுவனும்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார்கள். எனக்கோ அதற்கு முந்தைய கட்டத்தில்தான் கண். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். குடும்புக்கு ஒருவர் குலுக்கலில் தேர்வானார். அப்படி வந்த 30 பேரில் ஆறு பேருக்கு ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியம்.

ஓலையில் யார் பெயர் ஏறும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். பிராமணர்களின் ஊர்ச்சபை அது. உழுதவர் பெயருக்கு ஓலையே இல்லை. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஓலை ஏறக்கூடாது என்ற விதியை மட்டும் கடன் வாங்கலாம் என்று தோன்றும்.

ஓலையில் யார் பெயர் ஏறும் என்ற அந்தக் கட்டம் இன்றும் உண்டு. அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே வாக்காளர் பிரைமரி எனும் முன்தேர்தலில் ஓட்டுப் போடுகிறார். இங்கே நகராட்சி வார்டுக்குக் கட்சிப் பட்டியல் வந்த பிறகுதான் நம் முறை.