மசகும் மைல் கணக்கும்

இயந்திரவியல் பாடநூல்களில் இன்று 'மசகெண்ணெய்' என்று வழங்கும் சொல்லின் முற்பாதி மாட்டுவண்டிக்கு உரியது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இட்ட மையே மசகு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சை உவமையாக்குகிறார். சேம அச்சு, முறிந்த பின் உதவுவது. மசகோ, முறியாதிருக்க இடுவது. இந்த இரண்டாம் வகை அறிவு, மோட்டார் காரின் வரலாற்றில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதே நாம் பார்க்க விரும்புவது.

1908 முதல் 1927 வரை, ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்பு கிடையாது, வடிகட்டி கிடையாது, எண்ணெயின் அளவைப் பார்க்கும் குச்சிகூடக் கிடையாது. சுழலும் ஃபிளைவீல் வாரி இறைப்பதே இன்ஜினுக்குக் கிடைக்கும் எண்ணெய். அதன் உறையில், ஒன்றன்மேல் ஒன்றாக இரு சிறு திருகுகள் இருந்தன. கீழ்த்திருகைத் திறந்தால் எண்ணெய் வர வேண்டும்; மேல்திருகில் வரலாகாது. இதை அறிய உரிமையாளர் வண்டிக்கடியில் குனிந்தோ படுத்தோ பார்த்தாக வேண்டும். எந்த உறுப்புக்கு எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெயோ கிரீஸோ இடுவது என்ற அட்டவணையும் உடன் வந்தது. இன்றைய சர்வீஸ் அட்டவணைக்கு அதுவே மூதாதை எனலாம். ஆனால் அது, உரிமையாளர் தம் கையால் செய்யும் வேலைக்காக எழுதப்பட்டது.

மண்சாலையின் புழுதியை வடிகட்டாமலே உள்ளிழுத்த இன்ஜினில் எண்ணெய் விரைவில் கெட்டது வியப்பன்று. 1923இல் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் உருவாக்கிய 'ப்யூரோலேட்டர்' எண்ணெய் வடிகட்டி, 1924ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் காரில் இடம்பெற்றது. பின்னர் அழுக்கைக் கரைத்துத் தன்னுள் ஏந்தும் வேதிப்பொருள்களை எண்ணெயில் சேர்க்கலாயினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அழுக்கை இன்ஜினின் உட்சுவரில் படியவிடாமல் தானே சுமப்பதால் இவ்வகை எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறது. விரலில் தொட்டுப் பார்த்து 'கறுத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்' என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் உண்டு. கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கும் அடையாளம். நிறத்தை மட்டும் கொண்டு ஆயுளைக் கணிக்க இயலாது.

1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றல். அதன் முன்சக்கர இணைப்புகளில் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. கிரீஸ் கன்னைப் பொருத்தி, பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை அழுத்துவது ஓட்டுநர்கள் பலரும் அறிந்த வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பந்து இணைப்புகள் ரப்பர் உறைக்குள் கிரீஸோடு மூடப்பட்டவை. எண்ணெய் இடும் கடமை போய், உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் கடமை வந்தது. கிரீஸ் கன்னின் ஓசையோடு அந்தப் பார்வையும் பலரிடம் மறைந்ததுதான் இழப்பு.

அட்டவணைக்கே அடுத்த மாற்றம் 1988இல் நிகழ்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஷர்லி ஸ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மோலென்ஸ்கி ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்த எண்ணெய் ஆயுள் காட்டி, ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் இடம்பெற்றது. அது எண்ணெயைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இன்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றியது, எவ்வளவு சூட்டில் ஓடியது என்று கணக்கிட்டு ஊகிக்கிறது. மைல் ஒன்றே அளவாகாது என்பதை அக்கணக்கு ஒப்புக்கொள்கிறது. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் கார், எண்ணெய் நன்கு சூடேறுமுன்பே நின்றுவிடுகிறது. எரிதலில் பிறந்த நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்குகின்றன. 'வண்டி அதிகம் ஓடவில்லையே, சர்வீஸ் எதற்கு?' என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே விடை. 'இத்தனை கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது' என்னும் வாசகம் விற்பனைத் தந்திரமன்று.

காட்டிகள் காணாத இடமும் உண்டு. பெரும்பாலான கார்களின் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவது. ஆகவேதான் பல நிறுவனங்கள் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. எச்சரிக்கை விளக்கு அதன் அளவு குறைந்தால் எரியும். அதில் நீர் கலந்திருப்பதை அறியாது. சமவெளியில் இக்குறை தெரிய வராமலே ஆண்டுகள் போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், கீழ்கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்து மிதித்து வரும்போது சக்கரத்தருகே சூடேறுகிறது; எண்ணெயிலுள்ள நீர் கொதித்து ஆவிக்குமிழாகிறது; எண்ணெய் அழுந்தாது, ஆவி அழுந்தும். அதன்பின் மிதிக்கும் பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை போகிறது.