கா: ஓரெழுத்துச் சோலை

பரமத்தி வேலூர்ப் பக்கம் காடு என்றால் வனமல்ல, மழையை நம்பி உழுது விதைக்கும் நிலம். தோட்டம் என்றால் பூச்செடி வைத்த இடமல்ல, கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். மரங்கள் நின்றால் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. எல்லாமே விளைச்சலைச் சொல்லும் பெயர்கள். நிழலுக்கென்றே விட்டுவைத்த மரக்கூட்டத்துக்குப் பேச்சில் சொல் இல்லை. ஜேடர்பாளையம் அணைக்கட்டை ஒட்டியுள்ள அண்ணா பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களும் ‘பார்க்குக்குப் போறோம்’ என்றுதான் சொல்வார்கள். பூங்கா என்பது பெயர்ப்பலகையோடு சரி.

அந்தச் சொல்லில் ‘பூ’ வெறும் அடை, உடல் ‘கா’. சோலையைக் குறிக்கும் பழைய ஓரெழுத்துச் சொல் அது. தமிழ்ப் பேச்சில் மறைந்தாலும் மலையாளத்தில் ‘காவு’ என்று புழங்குகிறது. பாம்புக் காவில் கிளையொடிக்கக் கேரளத்தில் இன்றும் தயங்குவார்கள். ‘காத்தல்’ என்ற வினையிலிருந்தே இது வந்தது என்பார் சிலர். வேர் வேறு என்பாரும் உண்டு. ஆங்கிலப் ‘பார்க்’கும் தொடக்கத்தில் வேட்டை விலங்குகளுக்காக அடைத்துக் காத்த நிலந்தான்.

தமிழ்நாட்டில் ‘கா’ அழியாமல் நின்றது ஊர்ப்பெயர்களில். ஆனைக்கா, கோலக்கா, கோடிக்கா, நெல்லிக்கா, குரக்குக்கா என்று தேவாரத் தலங்களில் ஐந்து உண்டு. இவற்றுள் ஆனைக்கா ஒரு தீவில் இருக்கிறது. வேலூரைத் தாண்டிக் கிழக்கே போகும் காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு நடுவே விடும் நிலம் திருவரங்கத் தீவு. அரங்கம், துருத்தி இரண்டுமே ஆற்றிடைத் திட்டைக் குறிப்பவை. தஞ்சைப் பக்கம் திருப்பூந்துருத்தி என்ற ஊரே இருக்கிறது: பூங்காவில் கா நிற்கும் இடத்தில் அங்கே துருத்தி.

திருவரங்கத் தீவின் கிழக்கே ஆனைக்கா. அதன் தலமரம் வெண்ணாவல். மேற்கு முனையில், 1836இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணையை ஒட்டி முக்கொம்புப் பூங்கா. இடையே மேலூரில், 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. கோயிற்சோலை, அணைக்கட்டுப் பூங்கா, பூச்சிகளுக்கான பூங்கா என்று ஒரே தீவில் மூன்று காலத்துக் காக்கள்.

கடைசியாக வந்ததுதான் சொல்லின் பழம்பொருளுக்கு நெருக்கம். வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் தருவது பூ. முட்டையிட்டுப் புழு வளர இலை வேண்டும். எலுமிச்சை அழகி கறிவேப்பிலையைத் தேடும். வெந்தய வரியன் எருக்கைத் தேடும். பூச்செடிகளை மட்டும் வைத்து, எருக்கைக் களையென்று பிடுங்கிவிட்டால் அங்கே பூச்சி விருந்துக்கு வரும், குடியிருக்காது. நம் நகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் புல்தரையும் சிமெண்ட் நடைபாதையும் குரோட்டன்ஸ் வரிசையும் இருக்கின்றன. மரத்தடி நிழல் குறைவு. அடைமொழிக்குச் செலவழித்த அக்கறையில் பாதியைக் ‘கா’வுக்கும் கொடுத்தால் பெயர்ப்பலகை பொய்யாகாது.