கிரேக்க எழுத்துச் சங்கங்கள்: வரவும் செலவும்

அமெரிக்கக் கல்லூரிகளை ஒட்டிய சில வீடுகளின் முகப்பில் கிரேக்க எழுத்துகள் மாட்டியிருக்கும். உள்ளே இருப்பது மாணவர் சங்கம். ஆண்களுடையது ஃப்ரடெர்னிட்டி, பெண்களுடையது சொராரிட்டி.

1776 டிசம்பர் 5-ல், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இவற்றுக்கு முன்னோடி. ரகசியமாகக் கூடி விவாதிப்பதே அதன் வேலை. பின்னால் வந்த பல சங்கங்களில் விவாதம் போய்விட்டது, ரகசியம் மட்டும் தங்கிவிட்டது.

வரவு என்ன? ஊர் விட்டு வந்தவர்களுக்குத் தங்க இடம், நட்பு, பிற்பாடு வேலைக்குச் சிபாரிசு. வெள்ளையர் சங்கங்கள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் கறுப்பின மாணவர்கள் 1906-ல் கார்னெலில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர்.

செலவு என்ன? சேர வருபவர்களைப் படுத்தும் 'ஹேஸிங்', அதாவது ராகிங். 1873-லேயே கார்னெலில் ஒரு மாணவர் சேர்ப்புச் சடங்கின்போது பள்ளத்தில் விழுந்து இறந்தார். 2017-ல் பென் ஸ்டேட்டில் அளவுமீறிக் குடிக்க வைக்கப்பட்ட மாணவர் படிக்கட்டில் விழுந்தார். கூட இருந்த 'சகோதரர்கள்' உதவிக்குப் போன் செய்ய ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. அவர் பிழைக்கவில்லை.

ஹேஸிங் சம்பவங்களைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. நட்பு கெடுதல் இல்லை. அதைக் காட்டி எதையும் மூடி மறைக்கலாம் என்பதுதான் கெடுதல்.