கொழுந்தின் வீடும் கொழுந்து பறிப்பவளின் வீடும்

ஒரு வீட்டை அறைகளாகப் பகுப்பதும் அறைக்கேற்ற கருவிகளை அமைப்பதும் வெறும் வசதி பற்றிய செய்தி என்று நாம் எண்ணிவிடலாகாது. அப்பகுப்பு யாருடைய நன்மைக்காக நிகழ்ந்தது, கருவியை இயக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே அவ்வீட்டுச் சுவர்களிற் படிக்கலாம்.

இன்று ‘ஸ்மார்ட் ஹோம்’ என்ற பெயரில் ஒருவகை இல்லம் விளம்பரப்படுத்தப்படுகிறது. அதன் அமைப்பு முறை எளியது. முதலில் வீட்டுக்கு ஒரு பெயர். அதன் கீழே கூடம், படுக்கையறை, சமையலறை என அறைகளின் பெயர்கள். ஒவ்வோர் அறையின் கீழும் அங்குள்ள விளக்கு, விசிறி, குளிரூட்டி, கதவுப் பூட்டு ஆகியவற்றின் பெயர்கள். கைத்தொலைபேசியில் இப்பட்டியலை ஒழுங்குசெய்த பின்னர், ‘படுக்கையறை விளக்கை அணை’ என்ற சொல் ஒன்றே போதும், விளக்கு அணைகிறது. குறித்த நேரத்தில் எவை எவை இயங்க வேண்டும் என்றும் முன்கூட்டியே விதிக்கலாம். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதை நிர்வாக உரிமை பெற்றவரே தீர்மானிக்கிறார். இதில் விஞ்ஞானத்தின் வெற்றி உண்டு; அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் இம்முறை ஒன்றைக் கேட்காமலே ஒப்புக்கொள்கிறது: மனிதனுக்குப் பல அறைகள் உண்டு என்பதே அது.

பருவத்துக்கேற்ப வீட்டை ஒழுங்குசெய்யும் கலை தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் வாடை வீசும் காலத்து மாளிகையைக் காண்கிறோம். வேனிலுக்குரிய விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது; காற்று வரும் வாயில்கள் அடைக்கப்படுகின்றன; தணற்சட்டியின் வெம்மையை மக்கள் நாடுகின்றனர். அரசியின் மாளிகையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. அது உயர்ந்தோரின் மாளிகை. உழைப்போரின் வீட்டை அறிய நாம் கண்டி மலைகளுக்கு வரவேண்டும்.

1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைக்கு அருகிலும் பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காடும் காய்ச்சலும் கடந்து நடந்துவந்த மக்கள், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். சில மாதங்கள் தங்கிச் செல்பவர்க்கு நீண்ட கொட்டகை போதும் என்று துரைமார் கருதினர். லயத்தின் பிறப்பு இதுவே.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முதலில் அவருடைய பங்களாவின் தாழ்வாரமே தொழிற்சாலையாயிற்று. மேசைகளின்மேற் கையாற் கொழுந்தை உருட்டி, களிமண் அடுப்பிற் கரித்தணலில் உலர்த்தினர். ஐந்தாண்டுகள் கழித்து, 1872இல், அங்கு தனித் தொழிற்சாலையும் உருட்டும் இயந்திரமும் அமைந்தன. தாழ்வாரத்தில் இருந்த கொழுந்துக்கு இவ்வாறு தனி வீடு கிடைத்தது.

அந்த வீட்டின் சிறப்பைக் காண விரும்புவோர் கண்டி நகருக்கு மேலேயுள்ள ஹந்தானை மலைக்குச் செல்லலாம். 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. பழைய தேயிலைத் தொழிற்சாலையின் ஒழுங்கு வியப்புக்குரியது. கொழுந்தை வாட்டுவதற்கு வரிசை வரிசையாகச் சாளரங்கள் வைத்த மேல்மாடிகள்; அங்கே காற்றை இழுக்கப் பெரிய விசிறிகள். உருட்டுவதற்குக் கீழ்த்தளம், இலை புளித்துச் செம்பு நிறம் பெறுவதற்குக் குளிர்ச்சியும் ஈரமும் காக்கப்படும் இடம், உலர்த்துவதற்கு வெப்ப அறை, சலித்துத் தரம் பிரிக்க வேறோர் இடம். எங்கே எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று அளக்கக் கருவிகள் தொங்கின. ஒரே பொறியிலிருந்து நீண்ட உருளையும் வார்ப்பட்டைகளும் எல்லா இயந்திரங்களுக்கும் ஆற்றலைக் கொண்டு சென்றன. இரவிலும் டீமேக்கர் விழித்திருந்து இலையின் மணத்தை முகர்ந்து பார்த்தார். அறைக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு நேரம், அனைத்துக்கும் ஓர் ஒழுங்கு! இன்றைய ஸ்மார்ட் ஹோமின் இலக்கணம் கண்டி மலையில் அன்றே நிறைவேறிவிட்டது. அது கொழுந்துக்காக நிறைவேறிற்று.

அக்கொழுந்தைப் பறித்தவளின் வீடு எத்தகையது? தேயிலை ஆண்டு முழுவதும் பறிக்கப்படும் பயிர். குடும்பங்கள் நிரந்தரமாகக் குடியேறின. கொட்டகையின் கருத்து மட்டும் மாறவில்லை. கூரையும் சுவரும் கல்லாகவும் தகரமாகவும் மாறின. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்புமே வாழ்விடம். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. பின்சுவரிற் சாளரம் வைக்கவும் வழியில்லை. அங்கேதான் அடுப்பெரிந்தது, அங்கேதான் பிள்ளை பிறந்தது, வயதுக்கு வந்த மகள் அங்கேதான் மறைவு தேடினாள், முதியவரின் பிணமும் அங்கேதான் கிடத்தப்பட்டது. கொழுந்தின் ஈரத்தை அளந்தவர்கள், ஈரச் சுவரருகிற் படுத்த குழந்தையின் இருமலை அளந்தாரில்லை.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். தோட்டம், அதன் கீழ் டிவிசன், அதன் கீழ் லய எண், அதன் கீழ் காம்பரா எண், பின்னர் செக்ரோலில் ஒரு பெயர். இப்பட்டியலும் வீடு, அறை, கருவி என்ற பட்டியலைப் போன்றதே. இதிற் கருவியின் இடத்தில் மனிதன் நின்றான். விடியுமுன் தப்பு ஒலித்தது. பெரட்டுக்களத்திற் பெயர் வாசிக்கப்பட்டது. கங்காணியின் சொல்லுக்கு மலைகள் நிறைந்தன. அதற்கும் முன்பே எழுந்து அடுப்பு மூட்டியவள் பெண். வேலை போனாற் காம்பராவும் போயிற்று. அஞ்சல்காரர் தேடிவரத்தக்க முகவரியும் அவர்களுக்கு இருக்கவில்லை. உறவினர் எழுதிய கடிதம் தோட்டக் காரியாலயத்திற்கே வந்தது.

பங்களாவையும் லயத்தையும் பிரித்த எல்லையைக் கடந்தவர்கள் தண்டிக்கப்பட்டனர். 1936இல் மடுல்கலையின் றெலுகாஸ் தோட்டத்திற்குச் சின்னத்துரையாகப் பயில வந்த பிரேஸ்கேர்டில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் தொழிலாளரின் பக்கம் நின்றமையால் வேலை இழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெள்ளைத் தோலுடையவருக்கு நாடுகடத்தல். கறுத்த தொழிலாளிக்குத் துப்பாக்கி. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதிற் கோவிந்தன் உயிர்நீத்தார். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது; அதே ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. காம்பராவிற்கு உரிமையில்லாதவர்க்கு நாட்டிற்கும் உரிமையில்லை என்றாயிற்று.

மின்சாரத்தின் கதையும் இதையொட்டியதே. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்னாற்றல் பெறலாம் என்பதை 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர விளக்கினார். தோட்டத் தொழிற்சாலைகள் பல தமக்கெனச் சிறு நீர்மின் நிலையங்களை அமைத்துக்கொண்டன. 1950இல் லக்சபான இயங்கியது. கண்டியின் வாயிலில் 1976இற் பொல்கொல்லை அணை எழுந்தது. 1985இல், தெல்தெனிய பழைய நகரை நீரில் ஆழ்த்தி, 210 மெகாவாட் திறனுள்ள விக்டோரியா எழுந்தது. மலைநாட்டு நீர் நாடெங்கும் ஒளி வழங்கியது. அந்நீரின் கரையில் வாழ்ந்த லயங்களிற் பெரும்பாலானவை பல பத்தாண்டுகள் இருளிற் கிடந்தன. நம் மாணவர் பலரின் பெற்றோர் குப்பி லாம்பின் புகையிலேதான் எழுத்துக் கூட்டினர்.

பின்னர் மின்சாரம் வந்தது, அறை பெருகவில்லை. பழைய சுவரிற் பழுதான கம்பிகள். ஒரு காம்பராவில் மின்னொழுக்குத் தீப்பற்றினால் ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதும் எரிகிறது. இத்தகைய செய்தியை இன்றும் நாளிதழ்களிற் படிக்கிறோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைப் போக்கியது. இந்திய உதவியுடன் முதலில் 4,000 தனி வீடுகள் திட்டமிடப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற கோரிக்கை கொள்கையாயிற்று. போராட்டத்தின் பயன்கள் இவை. நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே உள்ளன.

இக்குடும்பங்களின் பிள்ளைகளிடமும் இன்று கைத்தொலைபேசி உண்டு. தலைநகரின் மாடி வீடுகளில் வீட்டுவேலை செய்யச் சென்ற மலையகப் பெண்கள், சொல்லுக்கு எரியும் விளக்கையும் அங்கே காணலாம். அத்தொலைபேசியிற் கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஒரு பட்டியலைத் திறந்தால், காம்பராவின் பிள்ளை எந்த விளக்கை எந்தப் பெயரின் கீழ் எழுதுவது? விஞ்ஞானம் விடை சொல்ல இயலாத வினா இது. காணி உறுதியும், தனிச் சுவரும், பாதுகாப்பான மின்கம்பியும், கடிதம் வந்து சேரும் முகவரியும் அமையும்போதே இதற்கு விடை பிறக்கும்.

கொழுந்துக்கு எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கணக்கிட்டு மாடி கட்டத் தெரிந்த நாடு இது. மனிதருக்கு அவ்வாறு கட்ட அறிவு போதவில்லை என்று எவரும் கூற முடியாது. ஆசிரியராகிய நாம் மாணவர்க்கு முதலிற் கற்பிக்க வேண்டிய வரலாறும் இதுவே.