மருந்துக்குப் பின் மரம்



சௌராஷ்டிரத்தில் கிர்நார் மலையடிவாரத்திலே, அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்கள் பொறித்த பெரும்பாறை ஒன்று உளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனங்களுள் இரண்டாவது தமிழர்க்குத் தனிச் சிறப்புடையது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்னும் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. போரில் வென்ற பெருமையை அது கூறவில்லை, வைத்தியத்தைக் கூறுகிறது. தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும், எல்லைக்கு அப்பாற்பட்ட தமிழ்வேந்தர் நாடுகளிலும் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததாக மன்னர் அறிவிக்கிறார். மூலிகைகளும் வேர்களும் கனிகளும் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்வித்து நடச்செய்தார். வழிநெடுகக் கிணறு வெட்டி மரங்களும் வைத்தார். தலைநகராம் தில்லியில் வாழும் நேயர்கள் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணைக் கண்டிருப்பார்கள். சாலையோரம் ஆலமரம் நட்டதையும் மாந்தோப்புகள் அமைத்ததையும் அத்தூண் தெரிவிக்கிறது.

மருந்தையும் மரத்தையும் ஒரே அறமாகக் கருதியது அவ்வரசு. ஆயினும், அங்கே நடுபவன் அரசன். நிழலையும் கனியையும் பெறுபவன் நோயாளி. நோயாளியே நட்டு, பிறர் பெறுவது எக்காலத்தில் தொடங்கிற்று? அதனால் விளைந்த பயன் யாது? இவையே இன்று நாம் ஆராயும் பொருள்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காசநோய்க்குத் தக்க மருந்து இல்லை. தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றையே மருத்துவர் நம்பினர். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவர்களுக்கு உடல் தேறினாலும் உழைக்கும் வலிமை திரும்பவில்லை. இங்கிலாந்திலே ஃபிரிம்லி என்னுமிடத்துச் சானடோரியத்தில், 1905ஆம் ஆண்டு முதல், மார்கஸ் பாட்டர்சன் என்ற மருத்துவர் ஒரு புதுமுறையைக் கையாண்டார். தேறிவரும் நோயாளி முதலிற் சிறிது தூரம் நடப்பார். பின்னர்க் கூடையில் மண் சுமப்பார். அதன்பின் சிறு மண்வாரி, பெரு மண்வாரி, இறுதியிற் குந்தாலி என வேலை படிப்படியாக ஏறும். நோய் தணியும் அளவுக்கு ஏற்ப உழைப்பைக் கூட்டிய இம்முறை, தோட்டவேலையை மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிற்று.

அதே காலத்தில், சௌரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தை நடத்திவந்தார். கணித மேதை இராமானுஜன் 1917ஆம் ஆண்டில் அங்குச் சிகிச்சை பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பிய சௌரிமுத்து, 1928ஆம் ஆண்டில் தாம்பரத்திலே ஒரு சானடோரியத்தை நிறுவினார். ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

காலம் மாறிற்று. 1943ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது; ஐசோனியசிட் முதலிய மருந்துகள் தொடர்ந்து வந்தன. 1956ஆம் ஆண்டு முதல் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி உலகத்தையே வியக்கச் செய்தது. நோயாளிகளில் ஒரு சாரார் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றொரு சாரார் நெருக்கடி மிகுந்த தம் ஏழை இல்லங்களிலேயே இருந்தனர். மருந்து இரு சாரார்க்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில், வீட்டிலிருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவிற் குணமடைந்திருந்தனர். 1959ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று. கிருமியைக் கொல்வது மருந்தே என்பதும், காற்றும் மரநிழலும் அதற்கு ஈடாகா என்பதும் ஐயமற விளங்கின.

அப்படியாயின், தோட்டமும் மரமும் வீண்தானோ? அன்று. நோய் தீர்வது வேறு. மனிதன் மீள்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தொழுநோயின் வரலாற்றைப்போல் தெளிவுறக் காட்டுவது பிறிதொன்றில்லை.

1940களில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் காக்ரேன் முதலியோர் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்கு அளித்துப் பயன் கண்டனர். அப்பத்தாண்டின் இறுதியில், வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். உணர்ச்சியற்ற கைகளில் நேரும் காயங்களும் சூடுகளுமே விரல்களை அழிக்கின்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மருந்து கிடைத்தது, கை நிமிர்ந்தது. ஆயினும், குணமடைந்தவரை ஊர் ஏற்கவில்லை. தொழுநோயாளிகளைத் தனியே அடைத்துவைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணமாகக் கூறி மணவிலக்குப் பெறும் விதி 2019ஆம் ஆண்டு வரை நம் சட்டநூல்களில் இருந்தது. கிருமி ஒழிந்த பின்னும் நெடுங்காலம் நிலைத்தது மக்கள் மனத்து அச்சம்.

தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் வரும் நம்மவர், வார்தாவுக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையில் வரோரா என்னும் ஊரைக் கடந்து வருகின்றனர். அவ்வூரில் வழக்கறிஞராக இருந்தவர் முரளீதர தேவிதாஸ் ஆம்டே. மழையில் நனைந்து, சாகுந்தறுவாயில் கிடந்த துளசிராம் என்ற தொழுநோயாளியைக் கண்டு அவர் முதலில் அஞ்சி அகன்றார். பின்னர்த் தம் அச்சத்துக்கு நாணித் திரும்பிச் சென்று தொண்டு செய்தார். கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இந்நோயைப் பற்றிப் பயின்றார். வரோராவை அடுத்துக் கல்லும் முட்புதரும் நிறைந்த 50 ஏக்கர் நிலம் அவருக்குக் கிடைத்தது. மனைவி சாதனாவும், இரு குழந்தைகளும், ஆறு நோயாளிகளும், ஒரு நொண்டிப் பசுவும் உடன்வர, கையில் 14 ரூபாயுடன் அவர் அங்குக் குடியேறினார். அதற்கு ஆனந்தவனம் எனப் பெயரிட்டார். 1951ஆம் ஆண்டில் வினோபா பாவே அதனைத் தொடங்கி வைத்தார்.

பெயரில் இருந்த வனம் நிலத்தில் இல்லை. முதலிற் கிணறு வெட்டினர். விரல் குறைந்த கைகள் பாறையை உடைத்தன, புதரை அகற்றின, காய்கறி பயிரிட்டன. விளைச்சல் தம் தேவைக்கு மேல் பெருகியபோது வரோராச் சந்தைக்குக் கொண்டு சென்றனர். தொழுநோயாளர் தொட்ட காய் என்று எவரும் வாங்கவில்லை! நோய்க்கு மருந்து தந்த உலகம், அவர்கள் தந்த காயை ஏற்க மறுத்தது. 1950களின் நடுவில் பல நாட்டு இளைஞர்கள் தொண்டர்களாக வந்து, நோயாளிகளுடன் சேர்ந்து உண்டு, உழைத்து, கட்டடங்கள் எழுப்பினர். அதைக் கண்ட ஊராரின் அச்சம் சிறிது சிறிதாகக் கரைந்தது. ஆனந்தவனத்தின் காய்கறிக்கும் பாலுக்கும் ஊரில் இடம் கிடைத்தது.

இவ்வளவில் அவர்கள் நின்றுவிடவில்லை. தங்கள் உழைப்பால் வளமாக்கிய நிலத்திலே, 1964ஆம் ஆண்டில், சுற்றுவட்டார இளைஞர்களுக்காக ஒரு கல்லூரி எழுந்தது. அடுத்த ஆண்டில் வேளாண்மைக் கல்லூரியும் வந்தது. முன்பு ஊர் விலக்கியவர்கள் வளர்த்த நிழலில் ஊரின் பிள்ளைகள் அமர்ந்து படித்தனர். ஈகையை ஏற்று வாழ்வதினும், உழைத்து ஈவதே மனிதனை நிமிர்த்தும் என்பது ஆம்டே கொண்ட கொள்கை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அவர் மறைந்தபோது, தகனம் செய்யாமல் ஆனந்தவனத்து மண்ணிலேயே அவர் உடலை அடக்கம் செய்தனர்.

பசுமையால் உடலுக்கும் நன்மை உண்டென்று பிற்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களை ராஜர் உல்ரிக் ஒப்பிட்டு ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களினும் முன்னதாக வீடு திரும்பினர். கடும் வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984ஆம் ஆண்டில் வெளிவந்தது இம்முடிவு. மரத்தைக் காண்பதே நன்றெனில், அதனை வளர்ப்பதும் வளர்த்ததைக் கொடுப்பதும் நோயுற்றார் மனத்துக்கு எத்துணை வலிமை தரும்!

வேற்று மாநிலத்தில் மாடிக்குடியிருப்பில் வாழும் நமக்கு 50 ஏக்கர் நிலம் வேண்டுவதில்லை. நோயிலிருந்து மீள்பவர் மருத்துவரின் இசைவு பெற்று, கையுறை அணிந்து, நிழலான வேளையில் ஒரு தொட்டியைப் பேணலாம். முருங்கைப் போத்து ஒன்றை ஊன்றினால் துளிர்க்கும். கறிவேப்பிலையின் பக்கக்கன்றைப் பெயர்த்து வைத்தால் வேரூன்றும். அடுத்த வீட்டு மராட்டியருக்கோ வங்காளியருக்கோ அக்கன்றைக் கொடுக்கும் நாளில், “உடம்பு எப்படி இருக்கிறது?” என்று இரங்கிக் கேட்டவர், “இதற்கு எவ்வளவு தண்ணீர் விடவேண்டும்?” என்று கேட்பார். நோயாளி என்ற பெயர் அப்பொழுதே அவரை விட்டு நீங்கத் தொடங்கும்.

மருந்தை மருத்துவர் தருவார். அதனை ஒருநாளும் தவறவிடலாகாது. மருந்து தன் கடமையை முடித்தபின், பெற்றுக்கொண்டே இருந்த கை கொடுக்கக் கற்கவேண்டும். அக்கையில் ஒரு மரக்கன்று இருக்குமாயின், அது நன்று.