தானியங்கு மென்பொருள் சோதனை (சென்னை)

தானியங்கு மென்பொருள் சோதனை என்பது, ஒரு நிரல் சரியாக இயங்குகிறதா என்று இன்னொரு நிரலைக் கொண்டு சரிபார்க்கும் முறை. தொழில் வட்டாரத்தில் இதை ‘ஆட்டோமேஷன் டெஸ்டிங்’ என்பர். அடையாறு, தரமணி, தேனாம்பேட்டை வட்டாரங்களை உள்ளடக்கிய சென்னை மென்பொருள் துறையில் இது முதலில் டெஸ்டர்களின் தனிப்பணியாக வேரூன்றியது. பின்னர் டெவலப்பர்களின் அன்றாட வேலையிலும் இடம்பெற்றது.

முன்வரலாறு

அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 கணினி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு, அச்சாகி வரும் தாளைக் கண்ணால் பார்த்துப் பிழை தேடிய காலம் அது. 1990-களில் வெளிநாட்டு நிறுவனங்களின் பெரிய நிரல்தொகுப்புகளைப் பராமரிக்கும் பணி சென்னைக்கு வந்தது. பிற்காலத்தில் காக்னிசன்ட் ஆன டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் சத்யம் சாஃப்ட்வேர் 1994-இல் இங்கே தொடங்கியது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்த பழைய நிரல்களை 2000 பிறப்பதற்குள் திருத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தில் செய்த திருத்தம் வேறோரிடத்தைக் கெடுக்கவில்லை என்று உறுதிசெய்ய, பழைய சோதனைகளையே திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். ‘ரெக்ரஷன் டெஸ்டிங்’ எனப்படும் இந்த மறுசோதனைதான் தானியக்கத்துக்கு மிகவும் ஏற்ற வேலை.

தனித்தொழிலாதல்

1999-இல் இண்டியம் சாஃப்ட்வேர், 2000-இல் மேவரிக் சிஸ்டம்ஸ் ஆகிய சென்னை நிறுவனங்கள் தோன்றின. மேவரிக் வங்கி மென்பொருள் சோதனையில் கவனம் செலுத்தியது. 2000 ஜூலை 4 அன்று தரமணியில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அக்காலத்தில் சோதனைத் துறையில் கோலோச்சியவை மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், கியூ.டி.பி. ஆகிய கருவிகள். திரையில் டெஸ்டர் செய்வதைப் பதிவுசெய்து, அதை ஸ்கிரிப்டாக மாற்றி மறுபடி ஓட்டுவது இவற்றின் அடிப்படை. மெர்குரியை எச்.பி. 2006-இல் வாங்கியது. வேளச்சேரியிலிருந்து இயங்கிய அட்வென்ட்நெட் (2009 முதல் ஸோஹோ), கியூஎன்ஜின் என்ற சோதனைக் கருவியைத் தானே உருவாக்கி விற்றது.

செலினியம் காலம்

உரிமக் கட்டணம் கட்ட வேண்டிய கருவிகளுக்கு மாற்றாக, இணைய உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் செலினியம் வந்தது. தோட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் 2004-இல் இதை உருவாக்கினார். தரமணியிலும் அலுவலகம் கொண்ட அந்நிறுவனத்தில் பணியாற்றிய சைமன் ஸ்டூவர்ட் எழுதிய வெப்டிரைவர், 2011-இல் வெளியான செலினியம் 2-இல் இணைந்தது. திறமூலக் கருவி என்பதால் எவரும் சொந்தக் கணினியில் நிறுவிப் பழக முடிந்தது. வெப்டிரைவர் 2018-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது.

டெவலப்பர் கைக்கு வருதல்

கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997-இல் ஜாவா மொழிக்காக ஜேயூனிட்டை உருவாக்கினர். நிரலின் சிறு அலகை அதை எழுதியவரே சோதிக்கும் ‘யூனிட் டெஸ்ட்’ இதனால் பரவியது. பைத்தானில் அதே பணியைப் பைடெஸ்ட் செய்கிறது.

மின்கட்டணத்தைக் கணக்கிடும் நிரல் யூனிட் டெஸ்டுக்குத் தக்க எடுத்துக்காட்டு. 2016-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண அடுக்குகள் வேறு. ஆகவே 0, 100, 101, 500, 501 ஆகிய உள்ளீடுகளுக்கு வர வேண்டிய தொகையை முன்பே எழுதிவைத்து, நிரல் தரும் விடையோடு ஒப்பிட வேண்டும். பிழைகள் பெரும்பாலும் இத்தகைய எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும். கட்டணம் மாறும்போது எதிர்பார்க்கும் தொகைகளையும் திருத்தியாக வேண்டும்.

மைக் கோன் 2009-இல் விளக்கிய சோதனைப் பிரமிடின்படி, விரைவாக ஓடும் யூனிட் டெஸ்ட்கள் அடித்தளத்தில் மிகுதியாகவும், திரைவழிச் சோதனைகள் உச்சியில் சிலவாகவும் இருக்க வேண்டும். பொத்தான் இடம் மாறினாலோ பக்கம் தாமதமாகத் திறந்தாலோ நிரலில் குற்றம் இல்லாமலே திரைவழிச் சோதனை தோற்றுவிடலாம். எனவே புதிதாகத் தொடங்கும் டெவலப்பர் செலினியத்துக்கு முன் யூனிட் டெஸ்டைப் பழகுவது முறை. எழுதிய சோதனைகள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் தாமே ஓடும்படி ஜென்கின்ஸ் போன்ற கருவியில் அமைப்பது அடுத்த படி. பயன்படுத்த எளிதா, பார்வைக்குச் சீரா என்பவற்றுக்கு மனிதச் சோதனை இன்றும் தேவை.

கல்வியும் தமிழ் நூல்களும்

ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தில் மென்பொருள் சோதனைப் பாடங்கள் உள்ளன. தமிழில் கணினி நுட்பம் எழுதுவதற்காக 2012-இல் ‘கணியம்’ மின்னிதழ் தொடங்கியது. அதன் எழுத்தாளர்களில் ஒருவரான து. நித்யாவின் ‘எளிய தமிழில் செலினியம்’, கி. முத்துராமலிங்கம் எழுதிய மென்பொருள் சோதனை நூல் ஆகிய இரண்டும் கட்டணமில்லா மின்னூல்களாகக் கிடைக்கின்றன.